இரண்டு கிலோ நாயின் ஐந்தொகை

“சின்ன நாய்தானே, என்ன தின்றுவிடப் போகிறது?” நாய்க்குட்டி வாங்கலாமா என்ற பேச்சு அடுக்ககத்து வீடுகளில் எழும்போது பாதி வாதத்தை முடித்துவைப்பது இந்தக் கேள்விதான். லாப்ரடார் என்றால் இடம், தீனி, கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லப் பலமுள்ள ஆள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவர்கள், சிவாவா, டாய் பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற கைப்பை அளவு நாய் என்றதும் கணக்கு நோட்டை மூடிவைத்துவிடுகிறார்கள். உடம்பு பத்தில் ஒரு பங்கு என்றால் செலவும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகத்தான் இருக்கும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதே என் வாதம். நாய் வளர்ப்பில் ஆகும் செலவின் பெரும்பகுதி எடையைக் கேட்டு வருவதில்லை. ஒரு பகுதி, உடம்பு சிறுக்கச் சிறுக்க ஏறவும் செய்கிறது. வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலையோ, பின்னாளில் செலவை ஏற்றிவிடும் அந்தச் சிறிய உருவத்துக்காகவே கொடுக்கப்படுகிறது. ஆகவே குட்டியின் விலையையும் வளர்ப்புச் செலவையும் இரண்டு தனித்தனிக் கணக்காக எழுதினால் ஐந்தொகை பொருந்தாது.

உடம்பளவு வாரியாகச் செலவைப் பிரித்துக் காட்டிய பழைய பட்டியல் ஒன்று இந்த விசாரணைக்கு நல்ல தொடக்கம். 1866இல் நியூயார்க்கில் தோன்றிய ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கம், நாய் வளர்க்க விரும்புவோருக்காக 2010களில் வெளியிட்டிருந்த மதிப்பீட்டின்படி சிறிய நாய்க்கு ஆண்டுச் செலவு 737 டாலர். பெரிய நாய்க்கு 1,040 டாலர். தொகைகள் பழையவை, அவற்றை வைத்து இன்று அமெரிக்காவிலேயே யாரும் வரவுசெலவு போட முடியாது. விகிதத்துக்கு மட்டும் வயதாகவில்லை. தீனிக்குச் சிறியதற்கு 212, பெரியதற்கு 400. வழக்கமான மருத்துவத்துக்கு 210, 260. காப்பீட்டுக்கு இரண்டுக்கும் ஒரே 225. உரிமத்துக்கு இரண்டுக்கும் ஒரே 15. இரண்டு நாய்களுக்கும் உள்ள வித்தியாசம் 303 டாலர். அதில் 188 தீனியால் வந்தது. தீனியை எடுத்துவிட்டால் இரண்டு நாயும் ஏறக்குறைய ஒரே வீட்டுக் கணக்கில் உட்கார்ந்துவிடுகின்றன. இந்தப் பட்டியல் நோய்நொடி இல்லாத சாதாரண ஓர் ஆண்டுக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, முதுமை ஆகியவை இதில் ஏறவில்லை. அவை ஏறும்போது தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

தீனியிலும் கூட நினைக்கும் அளவு மிச்சமில்லை. உடம்பு ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றல், எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி ஏறுகிறது என்று ஆய்வாளர் மாக்ஸ் கிளைபர் 1932இல் காட்டினார். கால்நடை மருத்துவர்கள் இன்றும் கையாளும் சூத்திரம் அதிலிருந்து வந்ததுதான்: எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்க வேண்டும். இரண்டு கிலோ நாய்க்கு ஏறத்தாழ 118 கிலோகலோரி வரும்; 25 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 783. எடை பன்னிரண்டரை மடங்கு, தேவை ஆறரை மடங்கு சொச்சம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்ன நாய்தான் ஏறக்குறைய இரு மடங்கு தின்கிறது. அதற்கென்று விற்கும் சின்னஞ்சிறு உருண்டைத் தீனி, சிறிய பொட்டலத்தில், கிலோ விலை கூடுதலாக வருவதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசியில் இந்தச் சிறிய சலுகையும் கிடையாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி இரண்டு கிலோ நாய்க்கும் ஐம்பது கிலோ நாய்க்கும் ஒரே அளவுதான், ஒரே விலைதான். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான மெல்லும் மாத்திரைகள் எடை வாரியாக விற்கப்படுகின்றன. ஆனால் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் உள்ள விலை வித்தியாசம், எடை வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது. பரவலாக விற்கும் சில மாத்திரைகளின் மிகச் சிறிய அளவே இரண்டு கிலோவில்தான் தொடங்குகிறது. ‘டீகப்’ என்ற பெயரில் விற்கப்படும், ஒன்றரைக் கிலோவில் நின்றுவிட்ட நாய்க்கு அந்தப் பொட்டலத்தில் இடமே இல்லை; மருத்துவர் தனியே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் வரக்கூடிய நம் ஊரில் இது அற்ப விஷயம் அல்ல. சென்னை மாநகராட்சியின் வளர்ப்புநாய் உரிமக் கட்டணம் நீண்ட காலமாக ஆண்டுக்கு 50 ரூபாயாக இருந்தது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் அறிவிப்பு வந்தது. அதிலும் எடை வாரியாகத் தள்ளுபடி கிடையாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் சொன்னது போலிருக்கிறது. இதுவரை சொன்னவை உடம்போடு சேர்ந்து சிறுக்காத செலவுகள். உடம்பு சிறுப்பதாலேயே ஏறும் செலவுகள் இன்னொரு வகை; அவற்றில் முதலில் நிற்பது வாய். நன்கு வளர்ந்த எந்த நாய்க்கும் பற்கள் 42. கிரேட் டேனின் தாடையிலும் 42, கட்டைவிரல் நீளமுள்ள சிவாவாவின் தாடையிலும் அதே 42. தாடை சுருங்கிய வேகத்தில் பற்கள் சுருங்கவில்லை. அதனால் அவை நெருக்கியடித்துக்கொண்டும் கோணிக்கொண்டும் முளைக்கின்றன. விழ வேண்டிய பால்பற்கள் விழாமல் புதுப் பல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பதும் சிறிய இனங்களில் சகஜம். இடுக்குகளில் தீனி தங்கி, காரை படிந்து, ஈறு அழுகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. அமெரிக்காவில் 60 இனங்களைச் சேர்ந்த முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை, ஆறரைக் கிலோவுக்குக் குறைந்த மிகச் சிறிய இனங்களுக்கு ஈறுநோய் கண்டறியப்படும் வாய்ப்பு, ராட்சத இனங்களைவிட ஐந்து மடங்கு வரை அதிகம் என்றது. பெரிய நாய்க்கு ஆயுளில் ஓரிரு தடவை செய்ய வேண்டியிருக்கும் பல் சுத்தம், சின்ன நாய்க்குப் பல ஆண்டுகளுக்கு ஓயாத வேலையாகிவிடுகிறது. பல் சுத்தம் என்றால் மனிதர்கள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து காட்டுவது போன்றதும் அல்ல. நாயை முழு மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், பல்லின் வேரைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல்லைச் சுரண்டும் கூலி அந்தப் பில்லில் சிறிய தொகைதான்.

மயக்கத்திலும் சிறிய உடம்புக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களின் மயக்க மருந்துப் பதிவுகளை வைத்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் பத்தாயிரத்துக்கு 17 என்று வந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஐந்து கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதும் அதே ஆய்வில் வந்த முடிவு. காரணம் புரியாத புதிரல்ல. சிறிய உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கிறது, மூச்சுக்குழாயில் குழல் செருகுவது கடினம், மருந்தின் அளவில் துளி பிசகினாலும் விளைவு பெரிது. ஆகவே சூடேற்றும் படுக்கை, சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் கருவி, பக்கத்திலேயே நின்று கண்காணிக்க ஒரு ஆள் என்று, எடை குறைந்த நோயாளிக்கே கவனம் அதிகம் வேண்டியிருக்கிறது. கவனத்துக்குக் கட்டணம் உண்டு.

எலும்பின் கதையும் இப்படித்தான். முழங்கால் சில்லு அதன் பள்ளத்தை விட்டு நழுவும் கோளாறு பற்றி, பிரிட்டனின் ‘வெட்கம்பாஸ்’ ஆய்வுக் குழு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்து 2016இல் எழுதியது. மொத்த நாய்களில் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் பாதிக்கப்பட்டிருந்தன. கலப்பின நாய்களோடு ஒப்பிட்டால் பொமரேனியனுக்கு அந்த வாய்ப்பு ஆறரை மடங்கு. சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் இரண்டும் அதற்கு அடுத்தபடி. லேசாக நழுவினால் எடையைக் கட்டுக்குள் வைத்துச் சமாளிக்கலாம். நொண்டும் அளவுக்குப் போனால் அறுவைச் சிகிச்சை, அதுவும் பல சமயம் இரண்டு காலுக்கும். முன்னங்கால் முறிவு இன்னொன்று. லாப்ரடார் சோபாவிலிருந்து குதித்தால் சோபாவுக்குத்தான் ஆபத்து. இரண்டு கிலோ நாய் குதித்தால் மணிக்கட்டுக்கு மேலுள்ள எலும்பு முறியலாம். தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால், வெறும் மாவுக்கட்டை நம்பினால் எலும்பு கூடாமல் போவது இந்த இனங்களில் தெரிந்த விஷயம். மிகச் சிறிய உலோகத் தகடும் திருகும் வைத்துப் பொருத்த வேண்டும். தகடு சிறுத்தால் விலையும் சிறுக்கும் என்று நினைப்பவர்கள் கைக்கடிகாரத்தையும் சுவர்க்கடிகாரத்தையும் நினைத்துக்கொள்ளலாம். இவை தவிர, கழுத்துப் பட்டை இழுபட்டால் தட்டையாகிவிடும் நலிந்த மூச்சுக்குழாய் இருக்கிறது. அதற்காக மார்போடு மாட்டும் பட்டை வாங்க வேண்டும். சிவாவாவுக்கு மண்டையோடு முழுக்க மூடாமல் விட்டுப்போகும் உச்சிக்குழியும் உண்டு. ஒரு காலத்தில் இதை அந்த இனத்தின் அழகான அடையாளம் என்றே சொன்னார்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் 50 சிவாவாக்களின் தலையை ஸ்கேன் செய்து 2021இல் வெளியிட்ட கட்டுரையில் 46 நாய்களுக்கு ஓரிடத்திலாவது மூடாத இடைவெளி இருந்தது. உச்சியில் மட்டுமல்ல, தலையின் பக்கங்களிலும் பின்புறத்திலும்.

பில்லில் ஏறாத செலவு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிறிய இனக் குட்டியின் கல்லீரலில் சேமித்து வைக்கும் சர்க்கரை மிகக் குறைவு. சில மணி நேரம் தீனி தவறினால் ரத்தச் சர்க்கரை சரிந்து, குட்டி தள்ளாடி, வலிப்பு வந்து இறந்தும் போகலாம். ஆகவே முதல் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து தடவை ஊட்ட வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ‘ஒருவர்’ யார் என்ற கேள்விக்குக் குட்டி விற்பவர் பதில் சொல்வதில்லை. பெரும்பாலும் அது வீட்டுப் பெரியவர். இல்லாவிட்டால் கூலிக்கு ஒருவர். சித்திரை வெயிலில் இரட்டை அடுக்கு ரோமத்தோடு மூச்சிரைக்கும் பொமரேனியனுக்காகப் பகலிலும் ஏசி ஓடினால், இரண்டு மாத மின்கணக்கு மேலடுக்குக்குத் தாவுவதும் இந்தப் பத்தியில் சேர வேண்டிய தொகைதான்.

இனி வாங்கும் விலை. பொமரேனியனைச் சுருக்கி ‘பாம்’ என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்கும் குட்டி கிடைக்கிறது. அயல்நாட்டு வம்சாவளி, இத்தனை கிலோவுக்கு மேல் வளராது என்ற வாக்குறுதி எல்லாம் சேர்ந்தால் லட்சத்தையும் தாண்டுகிறது. இந்த விலையில் ஒரு பங்கு நியாயமானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நார்வே நாட்டுக் கென்னல் கிளப்பில் பதிவான 10,810 ஈற்றுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரை, மிகச் சிறிய இனங்களில் ஒரு ஈற்றுக்குச் சராசரி மூன்றரைக் குட்டி, ராட்சத இனங்களில் ஏழு குட்டி என்று கணக்கிட்டது. பெட்டை நாயின் ஓராண்டுப் பராமரிப்பு, சினை சேர்த்தல், ஸ்கேன், பிரசவம், குட்டிகளுக்கு முதல் தடுப்பூசி என்று ஒரு ஈற்றுக்கு எழுபதாயிரம் ரூபாய் ஆவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு குட்டிக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்தாயிரம். மூன்றரைக்குப் பங்கிட்டால் இருபதாயிரம். தாயின் இடுப்புக்குள் குட்டியின் தலை நுழையாமல் அறுவைப் பிரசவம் ஆனால் தொகை இன்னும் ஏறும். ஆகவே ஒழுங்காக வளர்த்து விற்பவரால் மிகச் சிறிய இனக் குட்டியை மலிவாக விற்க முடியாது. இதிலிருந்து பிறக்கும் முடிவு சற்றுச் சங்கடமானது. மலிவாக ஒரு குட்டி கிடைத்தால், செய்ய வேண்டிய ஏதோ ஒரு செலவை விற்றவர் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று பொருள். தாயின் முழங்காலைப் பரிசோதிக்காமல் விட்டிருக்கலாம், தடுப்பூசியைத் தவிர்த்திருக்கலாம், ஈற்றுக்கு ஈற்று இடைவெளி கொடுக்காமல் இருந்திருக்கலாம். அவர் மிச்சம் பிடித்த தொகை வட்டியோடு வாங்கியவர் கணக்கில் பின்னாளில் ஏறும்.

மலிவு ஆபத்து என்றால் விலையேறினால் நல்லது என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் இந்தச் சந்தையின் கோணல் இருக்கிறது. ஆரோக்கியத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தால் அது முதலீடு. ஆனால் உச்ச விலை போவது ஆரோக்கியத்துக்கு அல்ல, உருவத்தின் சிறுமைக்கு. ‘டீகப்’ என்பது எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் ஏற்றுக்கொண்ட இனமோ வகையோ அல்ல, விற்பனையாளர் வைத்த பெயர். ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்ததை இன்னொரு நோஞ்சானோடு சேர்ப்பது, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ப்பது, அரைவயிற்றுத் தீனி கொடுத்து வளர்ச்சியைக் குறுக்குவது, ஆறு வாரக் குட்டியைப் பத்து வாரம் என்று சொல்லி விற்பது ஆகியவை இந்த உருவத்துக்குக் குறுக்குவழிகள் என்று கால்நடை மருத்துவர்களும் விலங்குநல அமைப்புகளும் நெடுங்காலமாகக் குற்றஞ்சாட்டி வருகிறார்கள். வேறெந்தச் சந்தையிலும் குறைக்குத் தள்ளுபடி உண்டு. இங்கே குறையே சரக்கு. அதற்குத்தான் கூடுதல் விலை.

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் ஒரு காரணத்தால் தவறுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகளாக நடுத்தர வீடுகளில் தயிர்சாதம் தின்று, வாசலில் குரைத்து, பெரிய நோய் எதுவும் இல்லாமல் வளர்ந்த வெள்ளை ‘பாம்’ பெரும்பாலும் பொமரேனியனே அல்ல. அது இந்தியன் ஸ்பிட்ஸ். பல தலைமுறைகளாக இந்த வெயிலுக்குப் பழகிப்போன, எலும்பு சற்றே தடித்த உறவினன். 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் தோன்றும் டஃபி என்ற நாயும் அந்த வகைதான். அந்த நாயை வளர்த்த அனுபவம்தான் “பாம் ஒன்றும் செலவு வைக்காது” என்ற குடும்ப ஞானமாக இன்றும் கைமாறுகிறது. டாய் பொமரேனியனின் பாதை வேறு. விக்டோரியா ராணி 1888இல் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போனபோது வாங்கிவந்த மார்கோ என்ற பொமரேனியன் 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. அந்தக் காலத்துக்கு அதுவே சின்ன நாய். ராணிக்குப் பிடித்ததால் சின்னதுக்கு மவுசு கூடியது, இன்னும் சின்னதாக்கும் போட்டி தொடங்கியது. பிரிட்டிஷ் கென்னல் கிளப் இன்று கடுவனுக்குச் சொல்லும் எடை 1.8 முதல் 2 கிலோ; பெட்டைக்கு 2 முதல் 2.5. மார்கோ இன்று வந்தால் கண்காட்சி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் ஒன்றாக இருக்க, உடம்பு பாதியானதை நாம் கவனிக்கவில்லை. பழைய நாயின் செலவை வைத்துப் புது நாய்க்குக் கணக்குப் போடுகிறோம்.

விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல விரட்டப்படும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். எட்டு வாரக் குட்டி பழைய காரைவிட மோசம். அதன் முழங்கால் நழுவுமா, மூச்சுக்குழாய் தட்டையாகுமா என்பதை நல்ல மருத்துவரும் அந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது. தாய் தந்தையைப் பார்த்தால்தான் ஓரளவு ஊகிக்கலாம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘லூசி சட்டம்’ ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்கத் தடை விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்: வளர்த்தவரிடமே போனால்தான் தாயைப் பார்க்க முடியும். இந்தியாவில் 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. வளர்ப்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன. விதியைப் படித்துவிட்டு வாட்ஸாப் குழுவில் குட்டி விற்பவர்களைப் பார்த்தால், விதி ஒரு தேசத்திலும் விற்பனை வேறு தேசத்திலும் நடப்பது போலிருக்கும். ‘பேப்பர் இருக்கிறது’ என்ற வார்த்தைக்கும் அளவுக்கு மீறிய மதிப்பு கொடுக்கிறோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும். முழங்காலைப் பற்றி அதில் எதுவும் இருக்காது.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஆயுள் பற்றியது. சின்ன நாய்தான் நீண்ட நாள் வாழ்கிறது, நோய் மலிந்த உடம்பாக இருந்தால் அது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். பிரிட்டனில் 5,84,734 நாய்களை வைத்து 2024இல் வெளியான ஆய்வு, நீண்ட முகமுள்ள சிறிய இனப் பெட்டைகளின் இடைநிலை ஆயுள் 13.3 ஆண்டு என்றது. தட்டை முகமுள்ள நடுத்தர அளவு கடுவனுக்கு 9.1தான். சிறிய உருவமும் மனிதன் நேற்றுச் செய்த விளையாட்டல்ல. நாயின் அளவை நிர்ணயிப்பதில் ஐஜிஎஃப்-1 என்ற ஒற்றை மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007இல் தெரிந்தது. அதோடு தொடர்புடைய சிற்றுருவ மாற்றம் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாயிலேயே இருந்தது என்று 2022இல் தெரிந்தது. எனவே சிறியது என்பதாலேயே நோயாளி என்று நானும் சொல்லவில்லை. ஐந்தாறு கிலோவில் நிற்கும் நாய்க்கும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறுக்கப்பட்ட நாய்க்கும் இடையில்தான் கோடு கிழிக்கிறேன். அதே பிரிட்டனில் 2022இல் வெளியான ஆயுள் அட்டவணையில் யார்க்‌ஷயர் டெரியருக்குப் பிறப்பில் எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 12.5 ஆண்டு, சிவாவாவுக்கு 7.9. சிவாவா அங்கே சமீபத்தில் திடீரென்று பெருகிய இனம், இறந்தவற்றில் இளம் நாய்கள் அதிகமாக இருப்பதால் எண் தாழ்ந்து தெரியலாம் என்பது நியாயமான எச்சரிக்கை. அதைக் கழித்த பிறகும், சின்ன நாய் என்றால் பதினைந்து ஆண்டு நிச்சயம் என்ற பேச்சை அந்த அட்டவணை அசைத்துவிடுகிறது. நீண்ட ஆயுள் உண்மையாகவே அமைந்தாலும் அது செலவுக்கு எதிரான வாதமாகாது. ஆண்டுச் செலவு சற்றே குறைந்து, ஆண்டுகள் நான்கைந்து கூடினால், ஏஎஸ்பிசிஏ பட்டியலில் கண்ட அந்த 303 டாலர் மிச்சம் எங்கே நிற்கும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே மருத்துவம் மலிவு என்பது இரண்டாவது ஆட்சேபம். சென்னையில் வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அரசு மருந்தகங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே கால்நடை மருத்துவச் சேவையின் விலை 2016க்கும் 2023க்கும் இடையில் 63 சதவீதம் ஏறியதாக அந்நாட்டுப் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமே சொல்கிறது. 2013இல் பத்தில் ஒரு மருத்துவமனை மட்டும் பெரு நிறுவனங்களிடம் இருந்தது, பத்தாண்டுக்குள் அது பத்தில் ஆறாகிவிட்டது. அந்தக் கதி இங்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் அரசு மருந்தகங்களின் கட்டமைப்பு மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் எழுந்தது. இரண்டு கிலோ நாயின் காலில் நுண்தகடு வைக்கும் வசதியோ, ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை சரிந்த குட்டிக்கு ஆக்சிஜனோடு படுக்கையோ மாவட்டத் தலைநகரில்கூட எளிதில் கிடைப்பதில்லை. இருக்கும் இடத்துக்குப் போகும் பயணச் செலவே ஒரு சிகிச்சைக்கு ஈடாகும். பிரிட்டனில் காப்பீடு பரவலாக உண்டு, இங்கே அரிது. மலிவான மருத்துவத்தில் சிறு நோய்கள் அடங்கிவிடும். சின்ன நாயின் செலவு இருப்பதோ பெரிய பில்களில்.

அன்புக்குக் கணக்கா என்பது மூன்றாவது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் கேள்வி தப்பான இடத்தில் நிற்கிறது. குழந்தைக்கும் தாய்க்கும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை, உண்மைதான். நாய்க்குட்டியைக் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்வு நடப்பது அன்பு பிறப்பதற்கு முந்தைய நாள். அந்த ஒரு நாளில் பார்க்காத கணக்கு, அன்பு பிறந்த பிறகு பார்க்கவே முடியாத கணக்காகிவிடுகிறது. பல்லைப் பிடுங்கப் பணமில்லாமல் வலியோடு தின்னப் பழகும் நாய்க்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையில் அன்பு குறைந்திருக்காது. அதனால்தான் அந்தக் காட்சி அவ்வளவு துயரமானது. தெருநாய்க் குட்டியை எடுத்து வளர்க்கலாமே என்பவர்களுக்கும் ஒரு சொல்: தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை எல்லாம் அதற்கும் உண்டு, அதுவும் இனாம் அல்ல. தாடைக்குப் பொருந்திய பல்லும் உடம்புக்குப் பொருந்திய எலும்பும் மட்டும் அதற்கு இனாமாக வந்திருக்கும்.

ஐந்தொகையின் கடைசிப் பக்கம் முதுமை. சிறிய இனங்களை வயதான காலத்தில் அதிகம் தாக்குவது இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய். முடிவாகக் குணமாக்கும் வழி பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆனால் தள்ளிப்போட வழியுண்டு: இதயம் பெருத்திருந்தும் மூச்சுத்திணறல் தொடங்காத 360 நாய்களை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பைமோபெண்டான் என்ற மாத்திரை இதயச் செயலிழப்பை ஏறத்தாழ 15 மாதம் தள்ளிவைத்தது. நாளைக்கு இரண்டு வேளை, ஆயுள் முழுக்க. இடையிடையே எக்கோ, எக்ஸ்ரே, பிறகு நீர் பிரியும் மாத்திரை, சிறுநீரகம் தாங்குகிறதா என்று ரத்தப் பரிசோதனை. இதற்குள் வீட்டிலும் ஆண்டுகள் ஓடியிருக்கும். குட்டி வேண்டுமென்று அடம்பிடித்த பத்து வயதுப் பிள்ளைக்கு இருபத்துமூன்று ஆகி, பெங்களூரிலோ டல்லஸிலோ வேலை கிடைத்திருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் இருவர் காலை எட்டு மணிக்கு ஒரு தடவையும் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவையும் மாத்திரையைப் பாதியாக உடைத்து, பல் இல்லாத ஒரு வாயில் வைத்து, விழுங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.